மூன்று மாத ஹோமோசிஸ்டீன் குறைப்புத் திட்டம்: சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்கு இது எந்த அளவு உதவுகிறது?

ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் மூன்று மாதத் திட்டம் ஒன்றில் என் அக்காவைச் சேர்த்துவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை கூடவே இருந்து பார்த்தேன். தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரண்டு ரத்தப் பரிசோதனைகள், வாரம் ஒருமுறை உணவியல் நிபுணருடன் காணொளி வழி ஆலோசனை, தினமும் காலையில் ஒரு வைட்டமின் கேப்சூல் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அந்தத் திட்டம். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதே மூன்றையும் ஏறக்குறைய இதே சொற்களில் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள்; நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் அவர்களில் யாரிடம் வாங்குபவருக்கும் பயன்படும் என்பதால்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவு ஆலோசனை கொடுத்த பணத்துக்கு முழுவதும் தகுந்தது. பரிசோதனை, ரத்தம் எடுத்துச் செல்லும் முறையைத் திருத்திக்கொண்டால் மட்டும் தகும். கேப்சூலையோ, நீரிழிவோடு சிறுநீரகப் பாதிப்பும் உள்ள ஒருவர் தம் மருத்துவரிடம் காட்டாமல் ஒரு நாள்கூட விழுங்கக் கூடாது.

அக்காவுக்கு வயது 58. பதினேழு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. அதில் பெரும்பகுதி மெட்ஃபார்மின் மாத்திரையில் ஓடியது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு திட்டத்தில் சேரும்போது 44. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கிரியேட்டினின் கிராமுக்கு 310 மில்லிகிராம் வெளியேறிக்கொண்டிருந்தது. பாதங்களில் லேசான மரத்துப்போதலும் உண்டு. இவ்வளவையும் முன்கூட்டியே எழுதுவதற்குக் காரணம், இந்தத் திட்டம் ஒருவருக்கு நல்லதா கெட்டதா என்பது முழுக்க முழுக்க அவருடைய இந்த எண்களைப் பொறுத்தது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஹோமோசிஸ்டீன் உணவிலிருந்து நேராக வந்து சேர்கிற பொருள் அன்று. உடலே அதை உண்டாக்குகிறது. புரத உணவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. உடல் தன்னுடைய எண்ணற்ற வேலைகளுக்கு வேண்டிய மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதிகளை அதிலிருந்து எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதே ஹோமோசிஸ்டீன். மிஞ்சியதை உடல் இரண்டு வழிகளில் சரிசெய்கிறது: ஃபோலேட், பி12 ஆகிய வைட்டமின்களின் துணையோடு அதை மீண்டும் மெத்தியோனினாக மாற்றுகிறது, அல்லது பி6 துணையோடு சிஸ்டீன் என்ற வேறொரு அமினோ அமிலமாக மாற்றுகிறது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பீட்டைன் என்ற பொருளைக் கொண்டு மெத்தியோனினுக்குத் திரும்பும் இன்னொரு கிளைவழியும் உண்டு. இவற்றில் ஏதேனும் ஒன்று அடைபட்டால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் தேங்குகிறது. லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல் வரை இருப்பது வழக்கமான அளவு. 100ஐத் தாண்டுவது பெரும்பாலும் பிறவியிலேயே நொதிக் குறைபாடு உள்ளவர்களிடம்தான்.

இந்தப் பொருளை வின்சென்ட் டு விக்னோ 1932இல் கண்டறிந்தார்; கந்தகம் அடங்கிய சேர்மங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக அவருக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கும் ரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்ற எண்ணம் 1969இல் கில்மர் மெக்கல்லி எழுதிய கட்டுரையில் பிறந்தது. வெவ்வேறு பிறவிக் குறைபாடுகளால் இறந்த இரண்டு குழந்தைகளின் தமனிகளிலும் ஒரே விதமான சிதைவு இருப்பதை அவர் கண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஹோமோசிஸ்டீன் மிகுதி ஒன்றுதான் என்பதால், ரத்தக்குழாயைக் கெடுப்பது அதுவே என்று அவர் கருதினார். சிறுநீரகம் என்பதே லட்சக்கணக்கான நுண்ணிய ரத்தக்குழாய் முடிச்சுகளால் ஆன உறுப்பு. ஆகவே ரத்தக்குழாயைக் கெடுப்பது சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று எண்ணுவதில் பிழை இல்லை. மிகுதியான ஹோமோசிஸ்டீன் ரத்தக்குழாயின் உட்சுவரில், குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு கிடைப்பதைக் குறைத்து, ஆக்சிஜனேற்றச் சிதைவைக் கூட்டுகிறது என்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

ஆனால் இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் விளக்கத் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிறுநீரகம் பழுதடைந்தாலே ஹோமோசிஸ்டீன் ஏறும். வடிகட்டும் திறன் குறையக் குறைய அது படிப்படியாகக் கூடி, டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வழக்கமான அளவைத் தாண்டி நிற்கிறது. சிறுநீரில் வெளியேற முடியாததால் இப்படித் தேங்குகிறது என்று பலரும் நினைப்பதுண்டு; அது சரியன்று. ரத்தத்தில் உள்ள ஹோமோசிஸ்டீனில் பெரும்பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், நல்ல சிறுநீரகம்கூட மிகச் சிறிதளவைத்தான் சிறுநீரில் விடுகிறது. நோயில் குறைவது அதை மாற்றிப் பயன்படுத்தும் வேலைதான். எனவே 19 என்றோ 24 என்றோ ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இது சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் காரணமா, கெட்டுவிட்ட சிறுநீரகத்தின் விளைவா, அல்லது வைட்டமின் பற்றாக்குறையா என்று அந்த எண்ணிலிருந்து மட்டும் சொல்லிவிட முடியாது. திட்டத்தின் மூன்று பகுதிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே நான் மதிப்பிட்டேன்.

முதலில் பரிசோதனை. காலை ஏழே முக்காலுக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க ஓர் இளைஞர் வந்தார். கை சுத்தம், ஊசி குத்திய நேர்த்தி எல்லாம் குறை சொல்ல முடியாதவை. ஆனால் எடுத்த ரத்தக் குழாயை அவர் தம் தோள்பையில் இருந்த பிளாஸ்டிக் தாங்கியில் மற்றக் குழாய்களோடு செருகிக்கொண்டு, இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பையில் பனிக்கட்டி இல்லை. மறுநாள் வந்த அறிக்கையில் ஹோமோசிஸ்டீன் 24.6 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது.

இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளும் எவரும் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உடலைவிட்டு வெளியே வந்த பிறகும் அதில் உள்ள செவ்வணுக்கள் ஹோமோசிஸ்டீனை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. சாதாரண அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்குச் சுமார் 10 சதவீதம் என்ற அளவில் எண் பொய்யாக ஏறும். அதனால்தான் குழாயை உடனே பனிக்கட்டியில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிச் செவ்வணுக்களைப் பிரித்துவிட வேண்டும் என்பது விதி. அக்காவின் ரத்தம் எத்தனை மணிக்குச் சுழற்றப்பட்டது என்று ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டேன். பத்தரை மணி என்று பதில் வந்தது. அதாவது ஏறக்குறைய மூன்று மணி நேரம் அது பையில் பயணம் செய்திருக்கிறது. கடிதம் எழுதிய பிறகு, கூடுதல் கட்டணம் வாங்காமல் மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டார்கள் என்பதை அவர்களுடைய நற்செயலாகவே பதிவு செய்கிறேன். இரண்டாம் முறை பனிக்கட்டிப் பெட்டியோடு வந்து, நேராக ஆய்வகத்துக்கே எடுத்துச் சென்றார்கள். எண் 19.1. இடையில் நான்கே நாள். மாத்திரையும் இல்லை, உணவு மாற்றமும் இல்லை.

24.6 என்பதைப் பார்த்த இரவு அக்கா தூங்கவில்லை. ஐந்தரை மைக்ரோமோல் வித்தியாசம் தாளில் சிறியதாகத் தெரியலாம். ஒரு குடும்பத்தில் அது நான்கு நாள் அச்சத்தின் அளவு. பரிசோதனை நடத்துபவர்கள் இதை உணர வேண்டும்.

அறிக்கையில் எனக்குப் பட்ட இன்னொரு குறை, ஹோமோசிஸ்டீனை மட்டும் தனியாக அளந்தது. பி12, ஃபோலேட், கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் உடன் அளக்காவிட்டால் ஏறியதற்கான காரணம் விளங்காது. பி12ஐ நாங்கள் தனியாகக் கட்டணம் செலுத்தித்தான் பார்த்தோம். மில்லிலிட்டருக்கு 168 பிக்கோகிராம் வந்தது. 200க்குக் கீழே என்றால் பற்றாக்குறை என்று பொருள். ஃபோலேட் போதுமான அளவில் இருந்தது. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குக் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையும் என்பது நன்றாக அறியப்பட்ட செய்தி. திட்டத்தில் சேரும்போது நிரப்பிய படிவத்தில் மெட்ஃபார்மின் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன்; அதைப் படித்து யாரும் பி12 பார்க்கச் சொல்லவில்லை.

அடுத்தது உணவு. இந்தத் திட்டத்தில் விலைமதிப்புள்ள பகுதி இதுதான், ஆனால் அது தொடங்கிய விதம் சரியில்லை. சேர்ந்த அன்றே கைபேசிக்கு ஓர் உணவுப் பட்டியல் வந்தது. ஹோமோசிஸ்டீனைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு தயாரித்தது அது என்பது படித்த உடனே தெரிந்தது. மெத்தியோனின் வருகிறது என்பதற்காக முட்டை, மீன், இறைச்சி, பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். ஃபோலேட் வேண்டும் என்பதற்காகக் கீரையும் பயறும் கொட்டைகளும் அளவே சொல்லாமல் இரு வேளையும் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கக்கூடிய பொட்டாசியத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, உப்பு என்ற சொல்லும் இல்லை. சிறுநீரகம் நன்றாக உள்ள ஒருவருக்கு இந்தப் பட்டியலால் பெரிய தீங்கு வராமல் போகலாம். வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்தவருக்கு இதை அனுப்பியது பொறுப்பான செயல் அன்று.

முதல் காணொளி ஆலோசனையிலேயே உணவியல் நிபுணர் அந்தப் பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டார். இளம்பெண், குரல் மென்மையானது, கேள்விகள் கூர்மையானவை. அக்காவின் எடை 62 கிலோ. நாட்பட்ட சிறுநீரகப் பாதிப்பில், டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுதல்களை வெளியிடும் கேடிகோ அமைப்பின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதன்படி நாளொன்றுக்கு 50 கிராம் என்று அவர் கணக்கிட்டார். அதில் பாதிக்கு மேல் பருப்பு, பயறு வகைகளிலிருந்து வரட்டும் என்றார். அவற்றில் மெத்தியோனின் குறைவு, ஃபோலேட் மிகுதி. அவற்றில் உள்ள பாஸ்பரஸும் ஃபைட்டேட் வடிவில் பிணைந்திருப்பதால் உடலில் குறைவாகவே சேரும். பதப்படுத்திய இறைச்சியிலும் உறையிட்ட தின்பண்டங்களிலும் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடும். அந்த இரண்டையும் தவிர்க்கச் சொன்னார். முட்டையையும் மீனையும் நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் என்ற சிறிய அளவே போதும் என்றாலும், பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்குணவிலிருந்துதான். ஏற்கெனவே பி12 குறைந்திருப்பவரிடம் முட்டையையும் பாலையும் பறித்துவிட்டால், மெத்தியோனின் குறைந்த போதிலும் ஹோமோசிஸ்டீன் ஏறவே செய்யும். பட்டியலை எழுதியவர்களுக்கு இந்த எளிய முரண் எப்படித் தெரியாமல் போயிற்று என்று நான் இன்றும் வியக்கிறேன்.

மூன்றாவது வாரத்தில் நடந்ததை விரிவாக எழுத வேண்டும். அன்று அவர் அக்காவை வழக்கம்போலவே கீரை சமைக்கச் சொல்லி, கைபேசியை அடுப்பருகே வைக்கச் சொன்னார். சிறுநீரக நோயாளிகள் காய்கறியை நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அக்கா பல மாதங்களாக அப்படியே செய்துவந்தார். பொடியாக நறுக்கிய கீரையைப் பெரிய பாத்திரத்தில் நீர் தளும்ப விட்டு இருபது நிமிடம் கொதிக்கவைத்து, வடித்த நீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்தார். நிபுணர் அந்தக் கிண்ணத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டச் சொன்னார். நீர் அடர்ந்த பச்சையும் பழுப்புமாக இருந்தது; வடிகட்டியில் மிஞ்சிய கீரை நிறம் வெளுத்துக் கிடந்தது.

"அம்மா, பொட்டாசியம் இந்தத் தண்ணீரோடு போகிறது, உண்மைதான். ஆனால் நாம் தேடுகிற ஃபோலேட்டும் இதோடுதான் போகிறது" என்றார் அவர். ஃபோலேட் நீரில் கரையும், நெடுநேரச் சூட்டையும் தாங்காது; நிறைய நீரில் கொதிக்கவைத்தால் அதில் பாதியோ அதற்கு மேலோகூடப் போய்விடும். அக்காவின் ரத்தத்தில் பொட்டாசியம் 4.6, வழக்கமான எல்லைக்குள்தான். அந்த அளவில் உள்ளவர் காய்கறியை வடித்துச் சாப்பிட வேண்டிய தேவையே இல்லை. சிறிதளவு நீரில், மூடி போட்டு, குறைந்த நேரத்தில் வேகவைத்து அந்த நீரோடு சேர்த்துச் சாப்பிடலாம் என்றார். பொட்டாசியம் கூடிவிட்ட ஒருவருக்கு அந்த நீரைக் கொட்டுவதே சரி, அவருக்கு ஃபோலேட்டை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் உடனே சேர்த்துச் சொன்னார். ஒரே கீரை, ஒரே அடுப்பு. ரத்தத்தில் உள்ள ஓர் எண்ணைப் பொறுத்து நீர் கொட்டப்பட வேண்டியதா குடிக்கப்பட வேண்டியதா என்பது மாறுகிறது. இந்த அளவு நுணுக்கத்தை நான் எந்த விளக்கத் தாளிலும் படித்ததில்லை.

அதே வாரத்தில்தான் உப்பின் பேச்சும் வந்தது. ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாளில் தீர்கிறது என்று கேட்டார். மூன்று பேர் உள்ள வீட்டில் 27 நாள் என்று அக்கா சொன்னதும் அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்: தலைக்கு நாளொன்றுக்குப் 12 கிராமுக்கு மேல். கழுவுவதில், வடிப்பதில் போனதைக் கழித்தாலும் 5 கிராம் என்ற வரம்பு எங்கோ கீழே இருக்கிறது. சிறுநீரில் அல்புமின் போவதையும் ரத்த அழுத்தத்தையும் உப்புக் குறைப்பு நேரடியாகத் தொடுகிறது. ஹோமோசிஸ்டீனைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சிறுநீரகத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு திட்டத்தில் உப்பு முதல் நாளே பேசப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில், அதுவும் ஒரு தனிநபரின் அக்கறையால் வந்திருக்கக் கூடாது.

காபியைப் பற்றியும் ஒரு சொல். நாளுக்கு நான்கு கோப்பைக்கு மேல் குடித்துவந்த அக்காவிடம் அதை இரண்டாக்கச் சொன்னார். மிகுதியான காபி ஹோமோசிஸ்டீனைச் சற்றுக் கூட்டும் என்பது உண்மை. புகைப்பதும் மதுவும் அப்படித்தான்; அவை எங்கள் வீட்டில் இல்லை.

இனி கேப்சூல். பெட்டியில் எழுதியிருந்தபடி ஒரு கேப்சூலில் ஃபோலிக் அமிலம் (மாத்திரைகளில் சேர்க்கப்படும் ஃபோலேட் வடிவம்) 5 மில்லிகிராம், பி6 50 மில்லிகிராம், பி12 1.5 மில்லிகிராம். இவற்றை உணவில் ஒருவருக்குத் தேவையான அளவோடு ஒப்பிட்டால் பொருள் விளங்கும்: ஃபோலேட் 400 மைக்ரோகிராம், பி6 சுமார் ஒன்றரை மில்லிகிராம், பி12 முன்பு சொன்னபடி 2.4 மைக்ரோகிராம். வைட்டமின்தானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்ற நம்பிக்கையில் அக்கா ஒன்பது நாள் விழுங்கினார். நானும் தடுக்கவில்லை. பத்தாம் நாள் சிறுநீரக மருத்துவரிடம் வழக்கமான சோதனைக்குப் போனபோது பெட்டியையும் எடுத்துச் சென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி அந்தச் சிறிய எழுத்துகளைப் படித்துவிட்டு, பெட்டியை மேசையின் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

"தம்பி, எண் குறைந்தால் கிட்னி பிழைத்துக்கொள்ளும் என்றுதானே அதில் எழுதியிருந்தது?" என்று வெளியே வந்ததும் அக்கா என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் படித்தது கனடாவில் ஐந்து மையங்களில் நடந்து, 2010இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான டிவைன் ஆய்வு. நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 238 பேரில் ஒரு பகுதியினருக்கு ஃபோலிக் அமிலம் 2.5 மில்லிகிராம், பி6 25 மில்லிகிராம், பி12 1 மில்லிகிராம் தினமும் தரப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. வைட்டமின் சாப்பிட்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் எதிர்பார்த்தபடியே குறைந்தது. ஆனால் 36 மாதங்களில் அவர்களுடைய சிறுநீரக வடிகட்டும் திறன் 16.5 அலகு சரிந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சரிந்தது 10.7தான். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய் நிகழ்வுகளும் வைட்டமின் குழுவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. எண் இறங்கியது, சிறுநீரகமும் கூடவே இறங்கியது. அக்காவின் நோயும் அதே வகைதான். எங்கள் கையில் இருந்த கேப்சூலிலோ ஃபோலிக் அமிலமும் பி6ம் அந்த ஆய்வில் கொடுத்ததைப் போல இரு மடங்கு.

இது ஒற்றை ஆய்வு என்று ஒதுக்கவும் வழியில்லை. சிறுநீரக நோய் முற்றிய நிலையில் இருந்தவர்கள், டயாலிசிஸில் இருந்தவர்கள் என 2,056 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஹோஸ்ட் ஆய்வில் ஃபோலிக் அமிலம் 40 மில்லிகிராம் வரை கொடுத்துப் பார்த்தார்கள். ஹோமோசிஸ்டீன் கால்பங்குக்கு மேல் குறைந்தது, இறப்பு குறையவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட 4,110 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஃபேவரிட் ஆய்விலும் பயன் தெரியவில்லை. இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளையைச் சேர்ந்த கேடோக்கி அமைப்பின் 2020ஆம் ஆண்டு ஊட்டச்சத்து வழிகாட்டுதல், சிறுநீரக நோயால் ஏறிய ஹோமோசிஸ்டீனுக்காக ஃபோலேட்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும், பற்றாக்குறை இருந்தால் அதை நிரப்பலாம் என்றும் சொல்கிறது.

நிறுவனத்தின் விளக்கத் தாளிலும் ஓர் ஆய்வு இருந்தது. அது பொய்யான ஆய்வு அன்று. சீனாவில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்து 2016இல் வெளியானது. ரத்த அழுத்த மாத்திரையான எனலாப்ரிலோடு ஃபோலிக் அமிலமும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில், ஏற்கெனவே சிறுநீரகப் பாதிப்பு இருந்த பிரிவினருக்கு நோய் முற்றுவது எனலாப்ரில் மட்டும் சாப்பிட்டவர்களைவிட 56 சதவீதம் குறைந்தது. தாளில் அந்த 56 மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. அங்கே கொடுத்த ஃபோலிக் அமிலம் 0.8 மில்லிகிராம்தான் என்பதோ, பி6ம் பி12ம் அதில் சேர்க்கப்படவில்லை என்பதோ, தானிய மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இல்லாத மக்களிடையே அந்த ஆய்வு நடந்தது என்பதோ இல்லை. உணவில் ஃபோலேட் குறைவாக இருப்பவருக்கு அதைச் சிறிய அளவில் நிரப்பினால் நன்மை விளையலாம் என்றுதான் அந்த ஆய்விலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். போதுமான ஃபோலேட் உள்ளவருக்கு அதைப் போல ஆறு மடங்கு கொடுக்கலாம் என்ற பொருளை அதிலிருந்து எடுக்க முடியாது.

பி6 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நீரிழிவு உள்ளவர்களை ஏமாற்றக்கூடியது. நெடுநாள் மிகுதியாகச் சாப்பிட்டால் பி6 நரம்புகளைப் பாதிக்கும். பாதங்களில் எரிச்சல், மரத்துப்போதல் என்றே அது தொடங்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் நாளொன்றுக்கான மேல்வரம்பை 12 மில்லிகிராம் என்று வகுத்தது. எங்கள் கேப்சூலில் இருந்தது அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அக்காவுக்கு ஏற்கெனவே பாதம் மரத்திருக்கிறது. கேப்சூலால் அது கூடியிருந்தால் சர்க்கரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் அதையே தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருந்திருப்போம்.

டயாலிசிஸில் இருப்பவர்களின் நிலை வேறு. நீரில் கரையும் இந்த வைட்டமின்கள் டயாலிசிஸின்போது ரத்தத்திலிருந்து வெளியேறிவிடுவதால், அவர்களுக்கு மருத்துவர்கள் சிறிய அளவில் பி வகை வைட்டமின்களை எழுதிக் கொடுப்பதுண்டு. அது இழந்ததை ஈடுசெய்வது. என் குறை அதைப் பற்றியது அன்று. அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தம் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

மருத்துவர் கேப்சூலை நிறுத்திவிட்டு, பி12 மட்டும் ஊசியாகப் போட்டார். பி12 பற்றாக்குறையை ஃபோலிக் அமிலத்தால் மட்டும் சரிசெய்ய முயன்றால் ரத்தசோகை மறைந்து நரம்புச் சேதம் மட்டும் உள்ளே தொடரும் என்பதால், எது குறைவோ அதையே கொடுக்க வேண்டும் என்று விளக்கினார். வடிகட்டும் திறன் 45க்குக் கீழே இறங்கியதால் மெட்ஃபார்மின் அளவைக் குறைத்தார். ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்றினார். உணவு ஆலோசனையை விடாமல் தொடரச் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்து எடுத்த பரிசோதனையில், இந்த முறை பனிக்கட்டியில் வைத்து எடுத்துச் சென்ற ரத்தத்தில், ஹோமோசிஸ்டீன் 14.3. பி12 410. பொட்டாசியம் 4.7. சிறுநீரில் அல்புமின் 310இலிருந்து 235க்கு வந்திருந்தது. இதற்கு உப்புக் குறைப்பும் மாத்திரை மாற்றமுமே காரணமாக இருக்கும் என்றார் மருத்துவர். இ.ஜி.எஃப்.ஆர். 43. அதாவது, ஹோமோசிஸ்டீன் வழக்கமான எல்லைக்குள் வந்த பிறகும் வடிகட்டும் திறன் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்று மாதத்தில் அது உயரும் என்று மருத்துவரும் எதிர்பார்க்கவில்லை. இறங்காமல் நின்றதே எங்களுக்கு நிறைவு.

ஆனால் நிறுவனம் அனுப்பிய நிறைவு அறிக்கையின் முதல் பக்கத்தில், சிறுநீரகப் பாதுகாப்பு 42 சதவீதம் கூடியதாக ஒரு வட்டப் படம் இருந்தது. அந்த 42 எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து கணக்கிட்டேன். பனிக்கட்டி இல்லாமல் பையில் திரிந்த ரத்தம் காட்டிய 24.6ஐத் தொடக்கமாக வைத்து, 14.3 வரை இறங்கியதை அப்படியே சிறுநீரகப் பாதுகாப்பு என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். சரியான தொடக்கமான 19.1இலிருந்து கணக்கிட்டால் ஹோமோசிஸ்டீன் குறைந்தது 25 சதவீதம். அதுவும் ஹோமோசிஸ்டீன் குறைந்த கணக்குதானே தவிர, சிறுநீரகம் தேறிய கணக்கு அன்று. கேப்சூல் ஒன்பது நாளோடு நின்றதை நாங்கள் தெரிவித்திருந்தும், அந்தக் குறைவு கேப்சூலின் பலன் என்றே அறிக்கை சொன்னது. இந்த ஒரு பக்கத்துக்காகவே இந்தத் திட்டத்தை முழுமையாகப் பரிந்துரைக்க என்னால் முடியவில்லை. நோயாளி தன் உண்மையான நிலையை அறியாமல் நிம்மதி அடைந்துவிட்டால், அடுத்த சோதனைக்குப் போவதைத் தள்ளிப்போடுவார்.

நிறுவனத்துக்கு நான் எழுதியனுப்பியவை இவை: ஹோமோசிஸ்டீனோடு பி12, ஃபோலேட், கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர் அல்புமின் ஆகியவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும், ரத்தம் எடுத்த நேரத்தையும் சுழற்றிய நேரத்தையும் அறிக்கையில் அச்சிட வேண்டும், தானாக அனுப்பப்படும் முதல் உணவுப் பட்டியலை நிறுத்திவிட்டு, நிபுணர் பேசிய பிறகே பட்டியல் தர வேண்டும், நீரிழிவு, சிறுநீரகப் பாதிப்பு என்று படிவத்தில் எழுதியவர்களுக்குக் கேப்சூல் பெட்டியை மருத்துவரின் சீட்டு இல்லாமல் அனுப்பக் கூடாது. பரிசோதனை பற்றிய இரண்டையும் ஏற்றுக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது. கேப்சூல் பற்றிப் பதில் இல்லை.

யாருக்கு இது தகும் என்று கேட்டால்: நீண்ட காலம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர், விலங்குணவை அறவே தவிர்ப்பவர், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர் ஆகியோர் பரிசோதனையால் பயன் பெறலாம், ஏனெனில் அவர்களிடம் மறைந்திருக்கும் பி12 குறைவு வெளிப்படக்கூடும். சிறுநீரகப் பாதிப்பு உள்ள எவரும் உணவு ஆலோசனையால் பயன் பெறுவார்கள், நிபுணர் நல்லவராக அமைந்தால். கேப்சூலுக்காகவே வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

நாங்கள் திட்டத்தைப் புதுப்பிக்கவில்லை. அதே உணவியல் நிபுணரிடம் மாதம் ஒருமுறை ஆலோசனையை மட்டும் தனியாகத் தொடர ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுப்பருகே இப்போது கிண்ணம் இல்லை. கீரை மூடியிட்ட சிறிய பாத்திரத்தில், அடியில் இரண்டு கரண்டி நீரோடு வேகிறது. அலமாரியில் இருக்கும் புது உப்புப் பொட்டலத்தின் மேல் அக்கா பிரித்த தேதியை எழுதி வைத்திருக்கிறார். இன்றோடு 41 நாள் ஆகிறது, இன்னும் கால்பங்கு மிச்சம் இருக்கிறது.